எச்.ஐ.வி.க்கு செல் சிகிச்சை வந்துவிட்டதா? தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற ஒரு நம்பிக்கை மையத்தில் பதினாறு வருடம் கவுன்சிலராக இருந்தேன். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, போன் மட்டும் நிற்கவில்லை. போன மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். ‘செல் சிகிச்சையில் எச்.ஐ.வி. நிரந்தர குணம், மூன்று ஊசி, நாலு லட்சம்’ என்று போட்டிருந்தது. இடம் பெங்களூரு. கொல்லையை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார். அவருக்கு ஒரு மணி நேரம் சொன்னதையும், அதே நோட்டீஸைப் பார்த்துவிட்டு காரிமங்கலம், ஊத்தங்கரை, ஓசூர் என்று மற்றவர்கள் கேட்டதற்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததும், டாக்டர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதும்தான் இது.

விளக்கமெல்லாம் அப்புறம். வந்துடுச்சா இல்லையா, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க அக்கா.

வரவில்லை. ஆராய்ச்சி நடப்பது உண்மை, நல்ல வேகத்தில் நடக்கிறது. ஆனால் காசு கட்டி வாங்கிக்கொள்கிற மாதிரி, எச்.ஐ.வி.க்கென்று அரசு அனுமதி பெற்ற செல் சிகிச்சை எந்த நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் இல்லாதது பெங்களூருவில் ஒரு மாடி அறையில் மட்டும் எப்படி இருக்கும்?

செல் சிகிச்சைன்னா என்ன? ஊசியா, ஆபரேஷனா?

பார்க்க ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். வித்தியாசம் பைக்குள் இருக்கிறது. மாத்திரையில் இருப்பது ரசாயனம். இங்கே உயிருள்ள செல்லே மருந்து. உங்கள் ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக ஓடவிட்டு வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். அவற்றில் டி செல் என்று ஒரு வகை உண்டு. கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது அவற்றில் சிலவற்றின் வேலை. அந்த டி செல்களின் மரபணுவில் ஆய்வகத்தில் ஒரு மாற்றம் செய்து, கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப உங்களுக்கே ஏற்றுவார்கள்.

கார்-டி என்று ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும். டோல்கேட்டில் வரிசையில் நிற்கிற கார் இல்லை. கைமெரிக் ஆன்டிஜன் ரிசெப்டர் என்பதன் முதலெழுத்துகள். ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கிற புதுக் கண் ஒன்றை டி செல்லுக்கு வைத்துவிடுவது என்று புரிந்துகொண்டால் போதும். ரத்த அணுக்கள் பிறக்கிற எலும்பு மஜ்ஜையை மாற்றும் சிகிச்சையும் ஒரு வகைச் செல் சிகிச்சைதான், அது பழையது.

ரெண்டு வருஷமா வைரல் லோடுல கிருமி தெரியலைன்னுதான் வருது. மாத்திரையிலேயே குணமாயிட்டேன்தானே?

இல்லை. வைரல் லோடு என்பது ரத்தத்தில் ஓடுகிற கிருமியின் அளவுதான். கொல்லையில் கோரை பிடுங்கியவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மேலே புல்லை எத்தனை முறை அறுத்தாலும் அடியில் கிழங்கு கிடக்கும். ஒரு மழை போதும்.

எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அப்படிச் செருகப்பட்ட டி செல்களில் கொஞ்சம், எந்த வேலையும் செய்யாமல் தூங்கப் போய்விடும். ஓய்வில் இருக்கிற டி செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்கிற கணக்கில்தான் இருக்கும், ஆனால் இருக்கும். நீங்கள் போடுகிற கூட்டு மருந்து கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. தூங்குகிற செல்லை அது தொடுவதில்லை. அந்தச் செல்கள் எவ்வளவு வேகத்தில் குறைகின்றன என்று அமெரிக்காவில் ராபர்ட் சிலிசியானோவின் குழு அளந்தது. பாதியாகக் குறையவே 44 மாதம். அந்தக் கணக்கில் மாத்திரையால் மட்டும் முழுதாகத் தீர 70 வருடத்துக்கு மேல் ஆகும். நிறுத்தினால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கிருமி திரும்பிவிடுகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்குப் பிறந்த உடனேயே மருந்து கொடுத்தார்கள். பிறகு மருந்து நின்றுபோயும் கிருமி தெரியவில்லை. குழந்தை குணமாகிவிட்டது என்று 2013-ல் உலகமே பேசியது. மருந்தில்லாமல் 27 மாதம் ஓடிய பிறகு, 2014-ல் கிருமி வந்து நின்றது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்போ உலகத்துல யாருமே குணமாகலையா?

ஆகியிருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு.

முதல் ஆள் திமோதி ரே பிரவுன், ‘பெர்லின் நோயாளி’ என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். எச்.ஐ.வி.யோடு அவருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றியாக வேண்டிய நிலை. ஜெர்மனியில் கெரோ ஹூட்டர் என்ற டாக்டர் இங்கே ஒரு புத்திசாலித்தனம் செய்தார். எச்.ஐ.வி. டி செல்லுக்குள் நுழைய சி.டி.4 என்ற கைப்பிடியைப் பிடிக்கும், கூடவே சி.சி.ஆர்.5 என்ற தாழ்ப்பாளையும் திறந்தாக வேண்டும். ஐரோப்பியர்களில் சுமார் நூற்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே அந்தத் தாழ்ப்பாள் கிடையாது. மரபணுவில் 32 எழுத்து விடுபட்டிருக்கும், பெரும்பாலான எச்.ஐ.வி. உள்ளே போகவே முடியாது. புற்றுநோய்க்கு எப்படியும் மஜ்ஜை மாற்றத்தான் போகிறோம், அப்படிப்பட்ட ஒருவரின் மஜ்ஜையாகவே பார்த்து வைத்தால் என்ன என்று ஹூட்டர் யோசித்தார். 2007-லும் 2008-லும் இரண்டு முறை மாற்றினார்கள். பிரவுன் மாத்திரையை நிறுத்தினார், கிருமி திரும்பவே இல்லை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பி வந்ததால்.

அவருக்குப் பின் 2019-ல் லண்டனில் ஆடம் காஸ்டிலெஹோ, 2022-ல் தொப்புள்கொடி ரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் பெண்மணி, 2023-ல் டுசல்டார்ஃப் நோயாளி என்று செய்திகள் வந்தன. ஜெனீவாவில் ஒருவருக்குத் தாழ்ப்பாள் உள்ள சாதாரண மஜ்ஜையே வைத்தும் கிருமி திரும்பவில்லை. புதுச் செல்கள் பழைய செல்களை ஒழிக்கும்போது, தூங்குகிற கிருமியும் சேர்ந்து ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் பாஸ்டனில் அதே மாதிரி மஜ்ஜை மாற்றிய இரண்டு பேருக்கு, மருந்தை நிறுத்திய சில மாதங்களில் கிருமி திரும்பிவிட்டது. ஒரே வழி, இரண்டு முடிவு.

அந்த மஜ்ஜையை எனக்கும் மாத்தச் சொல்லலாமே?

மேலே சொன்ன எல்லோருக்கும் புற்றுநோயோ அது போன்ற ரத்த நோயோ இருந்தது, கவனித்தீர்களா? மஜ்ஜை மாற்ற முதலில் இருக்கிற மஜ்ஜையை கீமோ கொடுத்து அழிக்க வேண்டும். பிறகு வந்து சேர்ந்த செல்கள், குடிவந்தவன் வீட்டுக்காரனை அடிப்பது போல, உங்கள் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். அதிலேயே உயிர் போனவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையில் நாற்பது ஐம்பது வருடம் வாழ முடிகிறவரை எந்த நல்ல டாக்டரும் அந்த மேஜையில் படுக்க வைக்க மாட்டார். போதாக்குறைக்கு, அந்தத் தாழ்ப்பாள் இல்லாத ஆள் நம் நாட்டில் கிடைப்பது மிக அரிது.

வேற ஆளு எதுக்கு? நம்ம செல்லுலயே அந்தத் தாழ்ப்பாளை எடுத்துட்டா?

இதைக் கேட்டது ஓசூரில் ஃபேக்டரியில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிற ஒரு தம்பி. விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள்.

ஜிங்க் ஃபிங்கர் என்கிற மரபணுக் கத்தரியால் 12 பேரின் டி செல்லில் சி.சி.ஆர்.5-ஐ வெட்டித் திரும்ப ஏற்றிய ஆய்வு 2014-ல் வெளியானது. ஏற்றியது ஆபத்தில்லை, வெட்டிய செல்கள் உடம்பில் நிலைத்தன. மருந்தை நிறுத்தியபோது கிருமி திரும்பியது. ஆனால் வெட்டிய செல்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்தன. 2019-ல் சீனாவில், எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் இருந்த ஒருவருக்கு, கிரிஸ்பர் என்ற புதுக் கத்தரியால் வெட்டிய ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்லை ஏற்றினார்கள். புற்றுநோய் அடங்கியது. ஆனால் வெட்டுப்பட்ட செல்கள் நூற்றில் ஐந்து முதல் எட்டு வரைதான் இருந்தன. மீதி தொண்ணூற்றுச் சொச்சம் வாசல் திறந்தே கிடந்தால் என்ன பயன்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சில எச்.ஐ.வி. சி.சி.ஆர்.5-ஐ விட்டுவிட்டு சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறு தாழ்ப்பாளைத் திறந்து நுழையும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் தாழ்ப்பாள் இல்லாத மஜ்ஜையை வாங்கிய ஒருவருக்கு அப்படித்தான் கிருமி திரும்பியது.

(2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் என்பவர் கருவிலேயே இந்த மரபணுவை வெட்டிக் குழந்தைகளைப் பிறக்க வைத்தாரே, அது இந்த வரிசையில் சேராது. அந்தக் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி.யே இல்லை. அவர் மூன்று வருடம் ஜெயிலுக்குப் போனார்.)

கேன்சர்ல கார்-டி ஜெயிச்சிடுச்சுன்னு டிவியில சொன்னாங்க. இதுல மட்டும் ஏன் தடுமாறுது?

எனக்குப் பிடித்த கேள்வி. ஏனென்றால் கார்-டியை மனிதர்களுக்கு முதன்முதலில் கொடுத்துப் பார்த்தவற்றில் ஒன்று எச்.ஐ.வி.தான், 1990-களில். புற்றுநோயில் இன்று பெயர் வாங்கியிருக்கிற கார்ல் ஜூன் என்ற விஞ்ஞானி அந்தக் காலத்தில் எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் இருந்தவர். அன்று ஏற்றிய செல்கள் பத்து வருடத்துக்கு மேலும் பலர் உடம்பில் கெடுதல் செய்யாமல் இருந்தது தெரியவந்தது. கிருமியைத்தான் அடக்கவில்லை. அங்கே கற்ற பாடத்தைக் கொண்டுபோய் ரத்தப் புற்றுநோயில் வைத்தார்கள், 2017-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. கடன் வாங்கிப் போன தம்பி பணக்காரனாகி, கொடுத்த அண்ணன் இன்னும் குடிசையில் இருக்கிற கதை.

காரணம் இதுதான். பி செல் என்கிற இன்னொரு வெள்ளை அணுவில் வரும் புற்றுநோயில் கெட்ட செல்லின் மேல் சி.டி.19 என்ற அடையாளம் பளிச்சென்று ஒட்டியிருக்கும், அதுவும் கோடிக்கணக்கான செல்களில். கார்-டி அதைப் பார்க்கும், கொல்லும், பார்த்ததாலேயே பெருகும். எச்.ஐ.வி. தூங்குகிற செல்லின் மேல் எந்த அடையாளமும் வெளியே தெரியாது. மாத்திரை போடுகிறவரின் உடம்பில் எதிரியே கண்ணில் படாததால், ஏற்றிய கார்-டியும் வேலையில்லாமல் மெல்லக் குறைந்துபோகும். அப்புறம் கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று வைத்த கண்ணுக்கு இன்று பிடிபடாது. கிருமி ஒளிகிற முக்கியமான இடம் நிணநீர்க் கணுவின் உள்ளறை, கொல்லும் டி செல்கள் அங்கே அவ்வளவாக நுழைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், எச்.ஐ.வி. தின்பதே டி செல்லைத்தான். மருந்தையே தின்கிற நோய்!

ஒவ்வொன்றுக்கும் பதில் தேடுகிறார்கள். கிருமியின் உறையை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பிடிக்கிற டுவோ-கார் செல்களை 2022 முதல் அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளறைக்குள் நுழைய வழிச்சீட்டு மாதிரி ஒரு புரதத்தைச் சேர்த்துக் குரங்குகளில் சோதிக்கிறார்கள். தூங்கும் செல்லை மருந்தால் எழுப்பிவிட்டு அடிக்கிற யோசனையும் பல வருடமாக ஓடுகிறது. எழுப்புவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

கிரிஸ்பர் ஊசி போட்டா கிருமியையே வெட்டி எடுத்துடுமாமே?

இ.பி.டி.-101 என்ற ஊசியைக் கேட்கிறீர்கள். செல்லில் செருகிய கிருமி மரபணுவை உடம்புக்குள்ளேயே வெட்டுவது நோக்கம். 2024-ல் முடிவு சொன்னார்கள்: பெரிய கெடுதல் இல்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களுக்குக் கிருமி திரும்பியது.

நம்ம நாட்டுல யாராவது இதைச் செய்யறாங்களா?

செல்லையும் மரபணுவையும் கையாளுகிற திறமை பக்கத்திலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்விடலாம். வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோய்க்கு, நோயாளியின் ஸ்டெம் செல்லில் புது மரபணுவை வைத்து ஐந்து பேருக்கு ஏற்றினார்கள். அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றது. 2024 கடைசியில் முடிவு வெளியானது. இதில் நான் எல்லோரிடமும் சொல்லி மகிழ்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோன வண்டி லென்டிவைரஸ். எச்.ஐ.வி. அந்தக் குடும்பம்தான். எச்.ஐ.வி.யின் நோய் உண்டாக்கும் பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, செல்லுக்குள் நுழைகிற சாமர்த்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு உருவாக்கியவைதான் இந்த வகை வண்டிகள். கார்-டி செல்கள் செய்யவும் பெரும்பாலும் அதுவே.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்-கார்19 என்ற கார்-டிக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும். வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் இன்னும் பல லட்சம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாதிப்பைக் கண்டுபிடித்தபோது, ரத்தத்தைப் பரிசோதிக்க வேலூருக்குத்தான் எடுத்துப் போனார்கள். அதே வேலூரில் இப்போது இந்த வேலை நடப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எச்.ஐ.வி.யோட சேர்ந்து வர்ற மத்த நோய்க்கு?

இங்கேதான் கொஞ்சம் நல்ல செய்தி. எதிர்ப்பு சக்தி குறையும்போது வரும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்களில் பலவற்றுக்குப் பின்னால் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் இருக்கும். உறுப்பு மாற்றியவர்களுக்கு அந்த வைரஸால் வருகிற நோய்க்கு, வேறொருவர் தானம் கொடுத்த டி செல்லைத் தயாராக வைத்திருந்து ஏற்றுகிற சிகிச்சைக்கு ஐரோப்பா 2022-ல் அனுமதி கொடுத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு லிம்ஃபோமா வந்து கார்-டி கொடுத்துப் பலன் கிடைத்ததையும் டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாசிட்டிவ் என்பதற்காகவே புற்றுநோய் சிகிச்சையை யாராவது மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆனால் நம் பக்கத்தில் பாசிட்டிவ் ஆட்களைச் சாய்க்கிறது காசநோய். அதற்கு செல் சிகிச்சை வேண்டாம். தடுப்பு மாத்திரை, எச்.ஐ.வி. மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்திலேயே இலவசமாக இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்த நோட்டீஸ் பொய்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதல் அடையாளம் பணம். உண்மையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். எழுத்தில் சம்மதம் வாங்குவார்கள், உங்களுக்குப் புரிகிற மொழியில். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். சி.டி.ஆர்.ஐ. என்கிற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும். அதை நெட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ம் வருட விதிகள் சொல்கின்றன. இந்த ஐந்தையும் போன் போட்டுக் கேளுங்கள். பாலக்கோட்டுத் தம்பி கேட்டார், ‘நீங்க நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்’ என்று லைனைக் கட் செய்துவிட்டார்கள்.

இவர்கள் செய்கிற தந்திரம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் பார்த்தது. மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். ஊசி போடுவார்கள். பிறகு வைரல் லோடு எடுத்து, ‘பாருங்க, கிருமி போயிடுச்சு’ என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். கிருமி தெரியாமல் இருந்தது மாத்திரையால். அந்த ரிப்போர்ட் ஊசிக்கு முன்னாலும் அப்படித்தான் வந்திருக்கும், அதுவும் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல்.

நிஜமான ஆய்வுன்னா மாத்திரையை நிறுத்தச் சொல்வாங்களா?

சிலவற்றில் சொல்வார்கள். குணமானதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நம்பகமான வழி இன்னும் இல்லை. ஆனால் அப்போது அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், கிருமி தலை தூக்கினால் மறுபடி மாத்திரை. அந்த நாட்களில் துணைவருக்குத் தொற்றும் ஆபத்தும் உண்டு, அதையும் முன்கூட்டியே பேச வேண்டும். வீட்டில் நீங்களாக நிறுத்திப் பார்ப்பது வேறு விஷயம். தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு இருக்கு, எனக்கு இல்லை. இதெல்லாம் வர்ற வரைக்கும் பயந்துகிட்டே இருக்கணுமா?

அவருடைய வைரல் லோடு 200-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால், உடலுறவில் உங்களுக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த சுமார் 900 ஜோடிகளை வைத்து ஐரோப்பாவில் செய்த பார்ட்னர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஆணுறை இல்லாமல் 58,000 தடவை. துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு தகவலைச் சொன்னதும் என் மேஜைக்கு எதிரே அழுதவர்கள் பலர். செல் சிகிச்சையைவிட இது பெரிய செய்தி என்பது என் கருத்து.

எத்தனை வருஷத்துல வரும்?

தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரு பழைய கணக்கு மட்டும் சொல்கிறேன். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எச்.ஐ.வி. அடங்கும் என்று 1996-ல் உலகத்துக்குத் தெரிந்தது. 2001-ல் இந்தியாவின் சிப்லா மருந்து கம்பெனி, வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று விலையை உடைத்தது. தாம்பரம் உட்பட சில மையங்களில் 2004 ஏப்ரலில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. வழி தெரிந்த பிறகும் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் மாடு விற்று, நகை விற்று மாத்திரை வாங்கியவர்களைப் பற்றி எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செல் சிகிச்சையில் வழியே இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறேன். மாத்திரைக்கு மாசாமாசம் ஊருக்கு வரணுமா?

வேண்டாம். போகுமுன் உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால் அங்கே இருக்கிற மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். வேறு சந்தேகம் என்றால் 1097, இலவச எண். உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ம் வருட எச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது.

கேக்கக் கூச்சமா இருக்கு அக்கா. மாத்திரை போட்டுட்டு மாம்பழம் சாப்பிடலாமா?

சீசனுக்குச் சீசன் கிருஷ்ணகிரியிலிருந்து இந்த போன் வந்துவிடும். தாராளமாகச் சாப்பிடலாம். சுகர் இருந்தால் மட்டும் அளவோடு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற பிங்க் கலர் மருந்தைத்தான் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.